புதுக் குதிரைக்கு வேக வரம்பு வையுங்கள்: போட்டி ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஏற்பாட்டாளர்களுக்கு,

வணக்கம். சென்ற மாத நெடுந்தூரக் குதிரைப் போட்டியின் 40 கி.மீ. அறிமுகப் பிரிவில், முதலிடத்துக்காக விரட்டப்பட்ட ஒரு புதுக் குதிரை சாகும் நிலைக்குப் போனது உங்களுக்குத் தெரியும். நீங்களும் அங்கேதான் இருந்தீர்கள். எனவே நேராகவே கேட்கிறேன்: புதுக் குதிரைகள் ஓடும் பிரிவில் மணிக்கு 16 கி.மீ. என்று வேக வரம்பு வையுங்கள். முதலில் வருபவருக்குப் பரிசு தருவதை நிறுத்துங்கள்.

அந்தச் சாம்பல் நிறக் குதிரையைப் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். வாளித் தண்ணீரில் மூக்கை வைத்தது, குடிக்கவில்லை. மருத்துவர் தோலைக் கிள்ளி விட்டார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது; உடலில் நீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். விலாவில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து நெடுநேரம் கேட்டார், குடல் சத்தமே இல்லை. இருபது நிமிடம் கழித்தும் நாடி நிமிடத்துக்கு 64-க்கு இறங்கவில்லை. ஓட்டி வந்த பையனுக்குப் பதினெட்டு வயதுகூட இருக்காது. "காலையில் நன்றாகத்தான் இருந்தது, அண்ணா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். இரவு முழுவதும் டிரிப்ஸ் ஏற்றிக் குதிரையைப் பிழைக்க வைத்தார்கள்.

பையனைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜெயித்த குதிரைக்கு நல்ல விலை கிடைக்கும் என்று சொல்லித்தான் முதலாளி அனுப்பியிருக்கிறார். அந்த ஆசையைக் கிளப்பியது உங்கள் பரிசுப் பட்டியல்.

என் செவலைக் குதிரையை ஒன்றரை ஆண்டாகப் பழக்கி வருகிறேன். முதல் மூன்று மாதம் நடையும் மெதுவான ஓட்டமும் மட்டுமே. பிறகு வாரம் ஒரு நீண்ட சவாரி. தூரத்தைக் கூட்டும் வாரத்தில் வேகத்தைக் கூட்டுவதில்லை. சவாரி முடிந்து நின்றதும் இடது முழங்கைக்குப் பின்னால் ஸ்டெதஸ்கோப்பை வைத்து 15 நொடி எண்ணுவேன். கால் மணி நேரத்தில் அது 16 துடிப்புக்கு, அதாவது நிமிடத்துக்கு 64-க்கு, கீழே வராவிட்டால் அடுத்த வாரம் தூரம் கூடாது. குதிரையின் நெஞ்சும் நுரையீரலும் சில மாதங்களில் தேறிவிடும். தசைநாணும் எலும்பும் உறுதிப்பட ஓராண்டுக்கு மேல் ஆகும். இந்த இடைவெளியில்தான் நல்ல குதிரைகள் கெட்டுப்போகின்றன. மூச்சு வாங்காமல் ஓடுகிறதே என்று விரட்டுகிறோம். உள்ளே கால் நொந்துகொண்டிருக்கும்.

நான் புதிதாக எதுவும் கேட்கவில்லை. சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பின் தகுதிச் சுற்றுகளில் இதே 16 கி.மீ. வரம்பு இருக்கிறது. அமெரிக்காவில் 1955 முதல் நடக்கும் டெவிஸ் கோப்பை குதிரைப் போட்டியில், 160 கி.மீ. மலைப்பாதையை 24 மணி நேரத்துக்குள் முடித்து, குதிரையும் மருத்துவச் சோதனையில் தேறினால் எல்லோருக்குமே வெள்ளி பெல்ட் பக்கிள் பரிசு உண்டு. நாமோ அறிமுகப் பிரிவிலேயே பந்தயம் வைக்கிறோம்.

சிறப்பு விருந்தினர்களுக்குப் பந்தலும் மின்விசிறியும் போட்டிருந்தீர்கள். குதிரைகளுக்கோ 20 கி.மீ.க்கு ஒரே ஒரு தண்ணீர்த் தொட்டி. அதில் பாதிக்கு மேல் தண்ணீர் இல்லை. வியர்வையோடு உப்பையும் அள்ளி அள்ளி இழக்கும் பிராணி அது. பந்தலுக்கு ஆன செலவில் ஐந்து தொட்டிகள் வைத்திருக்கலாம் அல்லவா?

மன்னியுங்கள், கோபத்தில் வேறு பக்கம் போய்விட்டேன். கேட்க வந்தது வேக வரம்பை. அடுத்த போட்டிக்கான அறிவிப்பு அச்சுக்குப் போகும் முன் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிடுங்கள் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஜனவரியில் செவலைக்கு ஆறு வயது நிறைகிறது. அதன் முதல் 40 கி.மீ.க்கு உங்கள் போட்டிக்கே அழைத்து வர வேண்டும் என்றுதான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் போட்டிகளில் தவறாமல் கலந்துகொள்ளும் ஒரு குதிரைக்காரன்