வால்நட்சத்திரச் செய்தியில் திசையும் நேரமும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

வால்நட்சத்திரம் ஒன்று வருகிறது என்றால் நாளிதழ்கள் எல்லாம் பெரிய படத்தோடு செய்தி போடுகின்றன. 'வெறும் கண்ணால் பார்க்கலாம்' என்ற வரி தவறாமல் இருக்கும். எந்தத் திசையில், எத்தனை மணிக்கு, எவ்வளவு உயரத்தில் என்பதுதான் இருக்காது. அதை நம்பி மொட்டைமாடிக்குப் போன பிள்ளைகள் அரைமணி நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு இறங்குகிறார்கள். அடுத்த முறை கூப்பிட்டால் வருவதில்லை. இதுதான் எங்கள் வருத்தம்.

2024 அக்டோபரில் வந்த சூச்சின்ஷான்-அட்லஸையே எடுத்துக்கொள்வோம். அது பூமிக்கு மிக அருகில் வந்தது 12ஆம் தேதி, சுமார் 7 கோடி கிலோமீட்டர் தூரத்தில். செப்டம்பர் கடைசியில் விடியலுக்கு முன் கிழக்கே தெரிந்தது, அக்டோபர் இரண்டாம் வாரத்தில் மாலை மேற்கு வானத்துக்கு மாறிவிட்டது. பழைய செய்தியை வைத்துக்கொண்டு விடியற்காலையில் எழுந்தவர்களுக்கு எப்படித் தெரியும்? 14ஆம் தேதி வாக்கில் அது சுக்கிரனுக்கும் சுவாதிக்கும் நடுவில் நின்றது. சுக்கிரனை அடையாளம் தெரியாதவர் இல்லை. அந்த ஒரு வரி போதுமாக இருந்திருக்கும். 17ஆம் தேதி பௌர்ணமி. பிறகு நிலா பிந்தி எழுந்து வானம் இருண்டபோது வால்நட்சத்திரமும் மங்கத் தொடங்கியிருந்தது. ஆகவே நிலா எழும் நேரமும் செய்தியில் வர வேண்டும்.

அடுத்தது ஒளி எண், அதாவது வானத்துப் பொருளின் பிரகாசத்தைச் சொல்லும் எண்; எண் கூடக்கூட ஒளி குறைவு. 'ஒளி எண் 4, நன்றாகத் தெரியும்' என்று எழுதுவது ஏமாற்றத்தில்தான் முடியும். நட்சத்திரத்தின் ஒளி ஒரு புள்ளியில் குவிந்திருக்கிறது. வால்நட்சத்திரத்துக்குச் சொல்லும் எண்ணோ, பரந்து கிடக்கும் ஒளி முழுவதையும் கூட்டிச் சொல்வது. பைனாகுலரில் எண் 4 உள்ள நட்சத்திரம் ஒன்றைப் பிடித்து, குவியச் சக்கரத்தைத் திருப்பி அதை ஒரு வட்டமாக ஊதவிட்டுப் பாருங்கள். எப்படிச் சோகை பிடித்துப் போகிறது என்பது கண்ணெதிரே தெரியும். வால்நட்சத்திரத்துக்கும் அதே கதி. பழந்தமிழில் அதைப் புகைக்கொடி என்றார்கள். தேடப் போகிறவர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டிய உருவம் அந்தப் புகைதான், பத்திரிகையில் வரும் பச்சை நிறப் படம் அல்ல. கேமரா பல விநாடிகள் ஒளியைச் சேர்த்து எடுத்த நிறம் கண்ணுக்குக் கிட்டாது. இன்னொன்று, அது எரிகல் மாதிரி பாய்ந்து ஓடாது. நட்சத்திரங்களுக்கிடையே நகர்ந்திருப்பது ஓரிரு மணி நேரம் கழித்தோ மறுநாளோதான் தெரியும்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவருக்குத் தொலைநோக்கி தேவையில்லை. 7x50 அல்லது 10x50 பைனாகுலர் போதும் (முதல் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 50 என்பது முன்வில்லையின் விட்டம் மில்லிமீட்டரில்). அதில் ஆறேழு பாகை அகல வானம் ஒரே பார்வையில் அடங்கும். பெருக்கம் கூடிய தொலைநோக்கியில் அந்த அகலம் கிடைக்காது, தேடுவதே பெரும்பாடாகிவிடும். கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கினால் அதன் அகலம் சுமார் 10 பாகை, சுண்டுவிரல் 1 பாகை. உயரத்தை அளக்க இவை போதும். முதலில் பளிச்சென்ற நட்சத்திரம் ஒன்றை ஊசிமுனையாகக் குவியப்படுத்திக்கொள்ளுங்கள். முழங்கைகளைக் கைப்பிடிச் சுவரில் ஊன்றி, இடமிருந்து வலமாக மெதுவாக நகர்த்துங்கள். ஒரு வரிசை முடிந்ததும் பாதிப் பார்வை அளவு மேலேற்றித் திரும்புங்கள். மங்கலாக எதுவோ இருப்பதுபோல் தோன்றினால் நேராக உற்றுப் பார்க்காமல் சற்றுத் தள்ளிப் பார்க்க வேண்டும், மங்கிய ஒளிக்குக் கண்ணின் ஓரம்தான் கூர்மை. குழாயை விரலால் லேசாகத் தட்டினால், அசையும்போது அந்தப் புகை தனித்துத் தெரியும். இருட்டுக்குக் கண் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். நடுவில் ஒருமுறை செல்பேசியைத் திறந்தால் அத்தனையும் வீண். டார்ச் வேண்டுமென்றால் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக்கொள்ளலாம். வால்நட்சத்திரம் வராத நாளிலும் ஆண்ட்ரோமீடா விண்மீன் மண்டலத்தைத் தேடிப் பழகலாம், அதுவும் இதே மாதிரிப் புகைதான்.

ஓர் எச்சரிக்கையைக் கட்டம் கட்டியே போட வேண்டும். சூரியன் முழுதாக மறையும் முன் மேற்கு நோக்கிப் பைனாகுலரைத் தூக்கக் கூடாது. விடியலில் சூரியன் எழும் முன்பே இறக்கிவிட வேண்டும். ஒரு கணம் போதும், கண் போய்விடும்.

வெளிநாட்டு வரைபடத்தை அப்படியே எடுத்துப் போடுவதும் வேண்டாம். 2020 ஜூலையில் நியோவைஸ் வால்நட்சத்திரம் வட ஐரோப்பாவில் இரவு முழுக்க மறையவே இல்லை. நம் ஊரில் அது வடமேற்கே தாழ்வாக, சிறிது நேரமே தெரியக்கூடிய இடத்தில் இருந்தது. உலக நேரத்தோடு ஐந்தரை மணி நேரம் கூட்டாமல் போட்டால் தேதியே மாறிப்போகும். நம் அட்சரேகையில் சூரியன் மறைந்து சுமார் 1 மணி 10 நிமிடத்தில் முழு இருட்டு வந்துவிடும். சூரியனை ஒட்டியிருக்கும் வால்நட்சத்திரத்துக்கு 35 முதல் 60ஆவது நிமிடம் வரைதான் வாய்ப்பு, பிறகு அது அடிவான மூட்டத்தில் இறங்கிவிடும். வானத்தைத் திரையில் காட்டும் இலவச ஸ்டெல்லேரியம் மென்பொருளில் உங்கள் நிருபரே ஊரையும் தேதியையும் கொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் வால்நட்சத்திரத்தின் சுற்றுப்பாதைத் தரவைப் புதுப்பித்த பிறகே பார்க்க வேண்டும். பழைய தரவு வேறு இடத்தைக் காட்டும்.

இவ்வளவு சொன்ன பிறகும் உத்தரவாதம் கிடையாது. 2013இல் பெரிதாகப் பேசப்பட்ட ஐசான் வால்நட்சத்திரம் சூரியனை நெருங்கியபோதே சிதறிப்போனது. ஆகையால் முன்கூட்டியே 'நூற்றாண்டின் வால்நட்சத்திரம்' என்று தலைப்பிடாமல், அன்றன்றைக்கு இப்படி ஒரு வரி போடுங்கள்: 'இன்று மாலை, சூரியன் மறைந்து 45 நிமிடம் கழித்து, மேற்கில், சுக்கிரனுக்கு வலப்பக்கம், அடிவானத்திலிருந்து ஒரு முட்டிக்கு மேலே. பைனாகுலர் வேண்டும். நிலா இடைஞ்சல் இல்லை.' வானிலைப் பெட்டிக்குக் கீழே இடம் இருக்கிறது.

இப்படிக்கு,
வான்நோக்கும் வாசகர்கள் சிலர்,
தருமபுரி மாவட்டம்.