மொத்த எண் மட்டும் போதாது: விலங்கு ஹார்மோன் ஆய்விதழ்களின் ஆசிரியர் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கும் மதிப்பீட்டாளர்களுக்கும்,

வணக்கம். விலங்குகளின் ரத்தத்தில் ஹார்மோன் அளப்பது என் வேலை. உங்கள் இதழ்களில் ஒரே செய்தி திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது: இனப்பெருக்கப் பருவத்தில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் உயர்ந்ததாம். எந்த டெஸ்டோஸ்டிரோன்? ஈதரில் பிரித்து அளந்த மொத்த அளவா, எதனோடும் ஒட்டாமல் செல்லுக்குள் போகத் தயாராக இருந்த பங்கா? ஆய்வாளர் சொல்வதில்லை; நீங்களும் கேட்பதில்லை.

மனித ரத்தத்தில் அந்த ஒட்டாத பங்கு ஏறத்தாழ 1 முதல் 2 சதவீதம்தான். மீதியில் ஒரு பகுதியை ஆல்புமின் என்ற ரத்தப் புரதம் தளர்வாகப் பிடித்திருக்கிறது. இன்னொரு பகுதியைக் கல்லீரல் சுரக்கும் பாலின ஹார்மோன் பிணைப்புக் குளோபுலின் என்ற புரதம் இறுகப் பற்றியிருக்கிறது. இந்தக் குளோபுலினை வெறும் சுமைதூக்கி என்று நினைப்பதில்தான் கோளாறு தொடங்குகிறது. அந்தச் சுமைதூக்கியின் எண்ணிக்கையே ஹார்மோன்களின் சொல்படி கூடுகிறது, குறைகிறது. பெண் ஹார்மோன்களான ஈஸ்ட்ரோஜன்கள் அதை உயர்த்தும், ஆண் ஹார்மோன்களான ஆண்ட்ரோஜன்கள் தாழ்த்தும், தைராய்டு ஹார்மோன் உயர்த்தும், இன்சுலினுக்கு உடல் சரிவரப் பணியாத நிலையில் அது குறைந்திருக்கும். கர்ப்பத்தில் பல மடங்கு பெருகும். தைராய்டு மிகையாகச் சுரக்கும் ஆண் ஒருவரின் மொத்த டெஸ்டோஸ்டிரோன் எகிறியிருக்கும். ஒட்டாத பங்கு பெரும்பாலும் வழக்கம்போலவே இருக்கும். தாளில் உள்ள எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு விந்தகம் மும்முரமாக உழைப்பதுபோல் தோன்றும். உழைத்தது கல்லீரல்.

இதையெல்லாம் மனிதரிடமிருந்து எடுத்து எல்லா விலங்குக்கும் நீட்டிவிடுவது அடுத்த தவறு. ஆய்வுக்கூடங்களில் நாம் அதிகம் நம்பும் எலியும் சுண்டெலியும் வளர்ந்தபின் கல்லீரலில் இப்புரதத்தைச் செய்வதே இல்லை. அதே மரபணு அவற்றின் விந்தகத்தில், விந்தணுக்களைப் பேணும் செர்டோலி செல்களில், ஆண்ட்ரோஜன் பிணைப்புப் புரதமாக வெளிப்பட்டு விந்தணு உருவாகும் நுண்குழல்களுக்குள் போகிறது. ரத்தத்தில் அதற்குப் பெரிய வேலை இல்லை. மனித மரபணு கல்லீரலில் எப்படிக் கட்டுப்படுத்தப்படுகிறது என்று பார்க்க, அந்த மரபணுவையே சுண்டெலிக்குள் புகுத்த வேண்டியிருந்தது. பிறந்த எலிக்குட்டியின் ரத்தத்திலோ ஈஸ்ட்ரடையால் என்ற ஈஸ்ட்ரோஜனைப் பிடித்து வைப்பது வேறொரு புரதம், ஆல்பா ஃபீட்டோபுரோட்டீன். மனிதச் சிசுவிலும் அந்தப் பெயரில் புரதம் உண்டு. ஆனால் ஈஸ்ட்ரடையாலை அப்படிப் பிடிக்காது. மீன்களின் கதை இன்னும் விசித்திரம். அவற்றின் செவுளிலும் ஸ்டீராய்டுகளை, அதாவது டெஸ்டோஸ்டிரோன், ஈஸ்ட்ரடையால் போன்ற ஹார்மோன்களை, பிணைக்கும் இதே வகைப் புரதம் இருக்கிறது. நீரில் கலந்த ஸ்டீராய்டுகள் உடலுக்குள் ஏற அது துணைபோகிறது. கருத்தடை மாத்திரையில் உள்ள எத்தினைல் ஈஸ்ட்ரடையாலை மனிதப் புரதம் பொருட்படுத்துவதில்லை, மீனின் புரதம் பற்றிக்கொள்கிறது.

பறவைகளுக்கு அந்தப் பாலின ஹார்மோன் பிணைப்புக் குளோபுலினே கிடையாது. கார்ட்டிகோஸ்டிரோன் என்ற மன அழுத்த ஹார்மோனைச் சுமக்கும் குளோபுலின்தான் அங்கே டெஸ்டோஸ்டிரோனையும் ஓரளவு ஏற்றிக்கொள்கிறது. இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல ஆசைதான், பட்டுத் தெரிந்துகொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மனித ரத்தத்தில் அந்தப் பாலினக் குளோபுலினை அளக்கவென்று விற்கும் கிட் ஒன்றில் பறவைப் பிளாஸ்மாவை ஊற்றினேன். குழிகள் அழகாக மஞ்சளாயின. கருவி தசமத் திருத்தமாக எண்களைக் கக்கியது. இல்லாத புரதத்துக்கு மூன்று தசம இடங்கள்! வரைபடமும் வரைந்து வைத்திருந்தேன். மூத்தவர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இந்தப் பறவைக்குக் கல்லீரல் யாருடையது?" என்று மட்டும் கேட்டார்.

பிணைப்பை நேராக அளக்கும் வழி பழையது, மலிவானது. பிளாஸ்மாவிலுள்ள ஸ்டீராய்டைக் கரித்தூளால் உறிஞ்சி நீக்கிவிட்டு, கதிரியக்க ஹைட்ரஜனான டிரிட்டியம் ஏற்றிய டைஹைட்ரோடெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண்ட்ரோஜனைச் சேர்க்கிறோம். பிறகு டெக்ஸ்ட்ரான் பூசிய கரித்தூள் ஒட்டாததை இழுத்துக்கொள்ள, ஒட்டியது மேல்நீரில் நிற்கும். சோதனைக் குழாய் பனிக்கட்டியில் புதைந்தே இருக்க வேண்டும். விரல் சூட்டில் சற்று நேரம் நின்றாலே புரதம் பிடியை விடத் தொடங்கிவிடும். கை விறைக்கும். ஆனால் இன்ன உயிரினத்துக்கென்று தயாரித்த எதிர்ப்புரதம் (ஆன்டிபாடி) எதுவும் தேவையில்லை. ஆமைக்கும் அதே முறை, முயலுக்கும் அதே முறை.

ஆகவே என் வேண்டுகோள். மதிப்பீட்டுப் படிவத்தில் ஒரு கேள்வியைச் சேருங்கள்: இந்த விலங்கின் ரத்தத்தில் ஸ்டீராய்டைப் பிணைப்பது எது, நீங்கள் கொடுத்த மருந்தோ செய்த அறுவையோ அதன் அளவையும் மாற்றியிருக்குமா? விந்தகம் நீக்கிய, ஈஸ்ட்ரோஜன் செலுத்திய, தைராய்டை ஒடுக்கிய ஆய்வுகளில் இதற்கு விடை இல்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். மனிதக் கிட் பயன்படுத்தியிருந்தால், அந்த விலங்கில் அது செல்லும் என்பதற்குச் சான்று கேளுங்கள்.

சின்ன விலங்கில் அத்தனை ரத்தம் கிடைக்காது என்று சிலர் சொல்வார்கள். நியாயம்தான், ஒரு தவளையிடமிருந்து எவ்வளவு எடுக்க முடியும்? அவர்கள் தலைப்பில் "மொத்த" என்ற ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும்.

இப்படிக்கு,
பனிக்கட்டித் தட்டின் முன் நிற்கும் ஒருவன்