சாவி எங்கே?

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாயிற்று, பதில் போடவில்லை என்று திட்டாதே. இன்னும் அக்கா வீட்டில்தான் இருக்கிறேன். அத்தான் விபத்தில் போய் நாலு மாதம். 6 வயதுக் குட்டி இதுவரை அழவே இல்லை, அதற்குப் பதில் வண்டிச் சாவியை ஒளித்து வைக்கிறாள்.

அக்கா வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்து சாவி மாயமாகிவிடும். ஒரு நாள் தலையணை உறைக்குள், ஒரு நாள் ஷூவுக்குள். அடம் என்று நினைத்து அக்கா ஓர் அடி போட்டுவிட்டாள், அப்புறம் அவளே மூலையில் உட்கார்ந்து அழுதாள். ஆலோசகர்தான் புரியவைத்தார்: சாவி இல்லாவிட்டால் அம்மா போக முடியாது, போகாவிட்டால் சாகவும் முடியாது, குழந்தையின் கணக்கு அவ்வளவுதான். நாங்களோ அவள் டிவி பார்க்கும் நேரத்தில் அக்காவைச் சத்தமில்லாமல் அனுப்பிக்கொண்டிருந்தோம். எவ்வளவு பெரிய தப்பு! இப்போது அக்கா, சின்ன முள் எங்கே வந்தால் அம்மா வருவாள் என்று கடிகாரத்தில் காட்டிவிட்டுப் போகிறாள், அந்த நேரத்துக்கு வந்தும் விடுகிறாள். தாமதமென்றால் போன்.

உன் வகுப்புப் பையனிடம் வீடு எரிந்ததைப் பற்றிக் கேட்கலாமா என்று எழுதியிருந்தாய். தோண்டாதே. உலக சுகாதார நிறுவனத்தின் 2011ஆம் ஆண்டு உளவியல் முதலுதவிக் கையேடும் நடந்ததைச் சொல்லும்படி யாரையும் வற்புறுத்தாதே என்றுதான் சொல்கிறது. அவனே ஆரம்பித்தால் பேச்சை மாற்றாமல் கேள். படுக்கையை நனைப்பது, ஒட்டிக்கொண்டே திரிவது எல்லாம் முதல் சில வாரங்களில் சகஜம். ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை என்றால் குழந்தை மனநல நிபுணரிடம் காட்டச் சொல். இப்படி மனம் அடிபட்ட குழந்தைகளுக்கென்றே உள்ள, பேசிப் பேசி ஆற்றும் மனநல சிகிச்சை ஒன்று பெரும்பாலும் 12 முதல் 16 அமர்வுகளில் முடியும், பெற்றோரையும் கூடவே உட்கார வைப்பார்கள்.

அவன் அம்மாவையும் கொஞ்சம் கவனி. இரண்டாம் உலகப் போரின்போது லண்டனில் குழந்தைகள் காப்பகம் நடத்திய அன்னா ஃபிராய்ட், குண்டுவீச்சைவிடத் தாயைப் பிரிந்ததே பிள்ளைகளை அதிகம் உலுக்கியதாகக் கண்டார். தாய் பக்கத்தில் இருந்தும் அவள் நிலைகுலைந்து கிடந்தால் பிள்ளை யாரைப் பிடித்துக்கொள்ளும்? அதனால்தான் மத்தியானம் அக்காவைத் தூங்கச் சொல்லிவிட்டு நான் குட்டியோடு உட்காருகிறேன், என் வேலையெல்லாம் அப்படியே கிடக்கிறது, போகட்டும்.

நேற்றுக் காலை சாவி ஆணியிலேயே தொங்கியது. அக்காவின் ஒரு செருப்பைத்தான் காணோம்.

உன் பழைய தோழி