கொழும்பிலுள்ள ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விசா அதிகாரிகளுக்கு

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

எனக்கு 68 வயது. வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் இருக்கிறேன். மகள் பிரெஞ்சுப் பிரஜை. வேலைக்காக இன்னொரு ஒன்றிய நாட்டுக்குக் குடிபெயர்ந்தாள். அவளிடம் போக நான் கேட்ட விசாவை உங்களில் ஓர் அலுவலகம் சென்ற மாதம் மறுத்துவிட்டது.

நேர்முகத்தில் மேசை மேல் ஒன்பது வருடத்துச் சிட்டைகளை வைத்தேன். மாதாமாதம் மகள் அனுப்பிய காசு. வாடகை, பிரஷர் மாத்திரை, அரிசி எல்லாம் அதில்தான். அதிகாரி புரட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "ஏன் வேலை தேடவில்லை? தைக்கத் தெரியாதா?" கண்ணில் வெண்புரை விழுந்த எனக்கு ஊசியில் நூல் கோர்க்கவே பக்கத்து அறைப் பிள்ளை வரவேண்டும். அதைச் சொல்ல வெட்கப்பட்டுப் பேசாமல் இருந்துவிட்டேன். பிறகு வந்த கடிதத்தில், மகளின் உதவியில் நான் தங்கி வாழ்வது நிரூபிக்கப்படவில்லை என்று ஒரே வரி.

இன்னொரு ஒன்றிய நாட்டுக்குப் போகும் ஒன்றியப் பிரஜையோடு, அவரில் தங்கி வாழும் பெற்றோரும் போய் இருக்கலாம் என்று சொல்லும் ஒன்றியச் சட்டமான 2004/38 பணிப்புரையை உங்களுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனால் ஏன் வேலை தேடவில்லை என்ற அந்தக் கேள்விக்கு லக்சம்பேர்க்கிலுள்ள உங்கள் ஒன்றியத்தின் நீதிமன்றமே பதில் சொல்லியிருக்கிறது. 2014இல் ரெயெஸ் வழக்கில், தாய் அனுப்பிய காசில் பிலிப்பைன்ஸில் வாழ்ந்த வயதுவந்த மகள், வேலை தேடிப் பார்த்ததாகக் காட்டத் தேவையில்லை என்றது. 2007இல் ஜியா வழக்கு ஒரு பெற்றவளைப் பற்றியதே. சொந்த நாட்டில் அடிப்படைத் தேவைக்கு அந்த உதவி வேண்டியிருக்க வேண்டும், அதைப் பொருத்தமான எந்தச் சான்றாலும் காட்டலாம் என்றது. பிள்ளையின் வாக்குறுதி மட்டும் போதாமல் போகலாம் என்றும் சொன்னது. சரி, நான் கொண்டுவந்தது வாக்குறுதி இல்லையே, சிட்டைகள்.

குடும்பம் கூட வர முடியாவிட்டால் மனிதர் எல்லை கடக்கத் தயங்குவார் என்பதால்தான் இந்த உரிமையே வந்தது. என் மகள் கடந்தாள். உங்கள் சந்தைக்கு அவள் உழைப்பு வேண்டும், அவளைப் பெற்றவள் வேண்டாமா? வயதான எத்தனை தாய்மார் கோப்போடு வந்து தலைகுனிந்து திரும்புகிறார்கள்! எங்கள் வாழ்க்கையையே சந்தேகப்பட்டுப் பார்க்கிறீர்கள்.

கோபத்தில் எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நான் கேட்பது சலுகை இல்லை. உங்கள் நீதிமன்றம் சொன்னபடி என் சிட்டைகளைப் பாருங்கள். மறுப்பதானால் காரணத்தை முழுமையாக எழுதித் தாருங்கள். அதையும் அதே பணிப்புரைதான் கேட்கிறது. தயவுசெய்து என் கோப்பை மறுபடி எடுங்கள். சிட்டைகளோடு எந்த நாளும் வரத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய்