படமும் தவறு, ஆண்டும் தவறு

ஆசிரியருக்கு,

அமெரிக்கத் தேசியப் பூங்காக்கள் குறித்த கட்டுரையில் யெல்லோஸ்டோனின் வெந்நீர் ஊற்றுகளை விரிவாக வருணித்த கட்டுரையாளர், அதே பூங்காவின் நாரிஸ் பகுதியில் ராணுவ வீரர்கள் தங்கிக் காவல் காத்த நிலையத்தைப் ‘பழைய மரவீடு’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டார். போதாக்குறைக்கு, 1916-ல் தேசியப் பூங்காத் துறை தொடங்கிய பிறகுதான் அங்கே காவலே வந்தது என்றும் எழுதியிருக்கிறார். வனத்துறையில் வேலை பார்த்தவனுக்கு இதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவாக ஆனது 1872-ல். முதல் கண்காணிப்பாளருக்குச் சம்பளம்கூடக் கிடையாது. வேட்டையும் சூறையாடலும் கைமீறிப் போகவே, 1886-ல் பூங்காவை ராணுவத்திடம் ஒப்படைத்தார்கள். வீரர்கள் தங்குவதற்கு நாரிஸில் முதலில் கட்டிய நிலையம் தீயில் போனது. 1897-ல் மீண்டும் கட்டி, 1908-ல் மாற்றியமைத்தார்கள். குளிர்காலத்தில் பனிச்சறுக்குக் கட்டைகளைக் காலில் மாட்டிக்கொண்டு ரோந்து போனவர்கள் இவர்கள்.

1894 மார்ச்சில் பூங்காவின் பெலிக்கன் பள்ளத்தாக்கில், சுட்டு வீழ்த்திய காட்டெருமையின் தோலை உரித்துக்கொண்டிருந்தான் எட்கர் ஹோவெல் என்ற திருட்டு வேட்டைக்காரன். ராணுவத்தின் வழிகாட்டியான பர்ஜெஸ், மறைவதற்கு ஒரு மரம்கூட இல்லாத பனிவெளியில் கைத்துப்பாக்கியோடு நெருங்கிப் போய் அவனைப் பிடித்தார். காற்றின் இரைச்சலில் ஹோவெலின் நாய்கூட அவரைக் கவனிக்கவில்லை. இவ்வளவு பாடுபட்டுப் பிடித்தும் என்ன? பூங்காவைவிட்டு வெளியேற்றுவதற்கு மேல் தண்டிக்கச் சட்டத்தில் வழியில்லை! செய்தி பத்திரிகையில் வந்து கொதிப்பு கிளம்பிய பிறகு, பூங்காவில் வேட்டையாடுபவர்களைத் தண்டிக்க வழிசெய்யும் லேசி சட்டம் மே 7 அன்று வந்தது. பிடித்த ஆள் மறுநாளே வெளியே திரிவதைப் பார்த்தவர்களுக்குத்தான் பர்ஜெஸின் வயிற்றெரிச்சல் புரியும்.

1918-ல் ராணுவம் வெளியேறியதும் நாரிஸின் அதே கட்டடத்துக்குப் பூங்காத் துறையின் காவலர்களான ரேஞ்சர்கள் குடிவந்தார்கள். 1959 நிலநடுக்கத்தில் சேதமாகும்வரை அங்கேதான் இருந்தார்கள். 1991-ல் சீரமைத்து, ரேஞ்சர்களுக்கான அருங்காட்சியகமாக்கினார்கள். ஓய்வுபெற்ற பூங்கா ஊழியர்களே தன்னார்வலர்களாக இருந்து பார்வையாளர்களை வரவேற்கிறார்கள். மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது நானும் அங்கே சென்றேன். நான் வனவராக இருந்தவன் என்று தெரிந்ததும், அங்கிருந்த பெரியவர் வழக்கமான விளக்கத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, “ஊருக்குள் வரும் யானையை எப்படி விரட்டுவீர்கள்?” என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். மகள்தான் பாவம், வெளியே காத்திருந்தாள்.

கட்டுரையோடு வந்த படமும் இந்த நிலையம் அல்ல. அடியில் பெரும்பாறைகளும் மேலே பருத்த மரங்களுமாக, நடுவில் ஆட்கள் கடந்து போக வழிவிட்டு நிற்கும் அது, வெந்நீர் ஊற்றுப் பகுதியில் 1930-ல் எழுந்த அருங்காட்சியகம். வடிவமைத்தவர் ஹெர்பர்ட் மேயர். கட்டடம் காட்டை மிஞ்சி நிற்காமல் அதோடு ஒட்டிப்போக வேண்டும் என்பது அக்காலப் பூங்காத் துறையின் கொள்கை. அந்தக் கரடுமுரடு யோசித்து வரவழைத்த கரடுமுரடு. அதுவும் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் எந்தப் படைவீரனும் அதற்குள் குளிர்காலத்தைக் கழித்ததில்லை. அடுத்த இதழிலாவது சரியான படத்தை வெளியிடுங்கள்.

– ஓய்வுபெற்ற வனவர், பொள்ளாச்சி