ரயில் கம்பெனிங்க சேரும்போது காணாமப்போற லைனுங்க: அமெரிக்க ரயில் போர்டுக்கு ஒரு திறந்த மடல்

ரயில் கம்பெனிங்க சேரவும் லைன மூடவும் பர்மிஷன் குடுக்குற சர்ஃபேஸ் டிரான்ஸ்போர்ட்டேஷன் போர்டு மெம்பர்களுக்கு வணக்கம்.

யூனியன் பசிபிக், நார்ஃபோக் சதர்ன்னு ரெண்டு பெரிய சரக்கு ரயில் கம்பெனிங்க சேரப்போறோம்னு 2025 ஜூலைல அறிவிச்சாங்க, 8,500 கோடி டாலர் டீல், இந்தக் கடல்லேர்ந்து அந்தக் கடல் வரைக்கும் ஒரே கம்பெனின்னு ஏகப்பட்ட பில்டப்பு. நான் கேக்குறது வாரத்துக்கு ரெண்டு மூணு வேகன் அனுப்புற சின்ன மில்லு, தானிய குடோன் இவங்களப் பத்தி.

1996ல, போர்டு ஆரம்பிச்ச வருஷமே, யூனியன் பசிபிக், சதர்ன் பசிபிக்ங்கற இன்னொரு ரயில் கம்பெனிய வாங்க ஓகே சொன்னீங்க. மலையத் தாண்ட ஒண்ணுக்கு மேல வழி அவங்க கைல வந்துடுச்சு, அதுல கொலராடோவோட டென்னஸி பாஸ்ங்கற மலைக் கணவாய் லைன் 10,000 அடிக்கு மேல, 3 சதவீத ஏத்தம், எக்ஸ்ட்ரா எஞ்சின் போடாம ஏறாது, அத நிறுத்துனத நான் குத்தம் சொல்லல, யாரா இருந்தாலும் அதத்தான் செய்வாங்க. 1997ல கூட்ஸ் நின்னுச்சு. ஆனா தண்டவாளம் பெரும்பாலும் இன்னும் அங்கயே துருப்புடிச்சு கிடக்கு, தானும் ஓட்டல, போட்டிக்காரனுக்கும் போகல. அதே மெர்ஜர்ல கிழக்கு கொலராடோ கோதுமைக்காரங்களோட டௌனர் லைனையும் கைவிடப் பாத்தாங்க, கடைசில 1998ல மாநில அரசே வாங்க வேண்டியதாச்சு.

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு, உங்களுக்குத் தெரியாததில்ல. சரக்க எடுக்க முடியாதுன்னு மொகத்துல அடிச்சாப்ல சொல்ல சட்டத்துல எடமில்ல, அதனால யாரும் சொல்றதில்ல, ரேட்ட ஏத்துவாங்க, தெனம் வந்த வண்டி வாரத்துக்கு ரெண்டு நாள்னு ஆகும், கேட்டா வேகன் இல்லம்பாங்க, பக்கத்துலயே போட்டி லைன் இருந்தவரைக்கும் கொஞ்சம் பயம் இருந்துச்சு இப்ப அதுவும் இல்ல, கஸ்டமர் வெறுத்துப்போயி லாரிக்கு மாறிடுவாரு. அப்புறம் இந்த லைன்ல டிராஃபிக்கே இல்ல, மூடிடுறோம்னு உங்ககிட்டயே மனு வரும்! மூணு வேகனுக்காக ஒரு எஞ்சினையும் ரெண்டு ஆளையும் அரை நாள் அனுப்புறது நூறு பெட்டி கன்டெய்னர் வண்டி முன்னாடி கணக்குல நிக்காது, பாலமும் தண்டவாளத்துக்கு அடில இருக்குற கட்டையும் வண்டி கம்மியாச்சேன்னு செலவக் கொறச்சுக்காது.

இந்தத் தடவ ஒருத்தர் லைன் முடியுற எடத்துல இன்னொருத்தர் லைன் ஆரம்பிக்குற, முனையோட முனை சேருற மெர்ஜர், பக்கத்து பக்கத்துல போற போட்டி லைன் கம்மிம்பாங்க. சரிதான். ஆனா ரெண்டு கம்பெனியும் சிகாகோ, செயின்ட் லூயிஸ், மெம்ஃபிஸ், நியூ ஆர்லியன்ஸ்னு பல எடத்துல சந்திக்குது, ஒரே முதலாளி ஆனதும் எல்லா வழியையும் ஒரே மாதிரி ஓட்டுவாங்களா என்ன?

லைன மூடறேன்னு மனு போட்டா மத்தவங்க விலைக்குக் கேக்க வழி இருக்கு, மனுவே போடாம சும்மா போட்டுவச்சா அந்த வழி தொறக்காது. அதனால பர்மிஷன் குடுக்குறதா இருந்தா, ரெண்டு வருஷம் வண்டி ஓடாத லைன கேக்குற சின்ன கம்பெனிக்கு வித்தே ஆகணும்னு அந்த ஆர்டர்லயே எழுதுங்க.