பொருள்: பேட்டரி வேனை நிறுத்திவிட்டுக் கட்டணம் மட்டும் வசூலிப்பது பற்றி

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நெல்லிக்குப்பம் சாலையில் நீங்கள் கட்டிய குடியிருப்பில், பி பிளாக்கில் இருக்கிறேன். எங்கள் கேட்டிலிருந்து கூடுவாஞ்சேரி ஸ்டேஷனுக்கு ஓடிய பேட்டரி வேனை ஒரு வார்த்தை சொல்லாமல் நிறுத்திவிட்டீர்கள். மெயின்டனன்ஸ் பில்லில் மட்டும் 'பசுமைப் போக்குவரத்து' என்று மாதம் 600 ரூபாய் தவறாமல் வருகிறது.

மெயில் போட்டால் புகார் எண் வருகிறது. மறுநாளே 'தீர்க்கப்பட்டது' என்று மெசேஜ். எதைத் தீர்த்தீர்கள்? வேன் பார்க்கிங் மூலையில் காற்றுப்போன டயரோடு நிற்கிறது. சார்ஜர் பெட்டியின் மேல் செக்யூரிட்டி அண்ணன் துணி காயப்போடுகிறார்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ஆனால் போன வாரம் போனில் பேசிய உங்கள் ஊழியர், "எல்லாரும் வண்டி வாங்கிட்டாங்க மேடம், நீங்களும் ஒரு ஸ்கூட்டி வாங்கிக்கோங்க, வேன் வேன்னு உயிரை எடுக்காதீங்க" என்றார். அவர் பெயர் கேட்டேன், லைனைத் துண்டித்துவிட்டார். பணம் வாங்கும்போது இப்படியா பேசினீர்கள்? 2022-ல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆனதைச் சொல்லி, "இனி நீங்களும் சிட்டிதான்" என்றார் உங்கள் விற்பனையாளர். கிளாம்பாக்கம் பஸ் நிலையம், அதுவரை நீளப்போகும் மெட்ரோ எல்லாம் சொன்னார். அதெல்லாம் அரசாங்கம் செய்வது. நீங்கள் செய்வதாகச் சொன்னது இந்த ஒரு வேன்தான்!

ஸ்டேஷனுக்கு வந்துவிட்டால் கிண்டிவரை மின்சார ரயிலில் எனக்கு ஒரு கவலையும் இல்லை. நடுவில் இருக்கும் நாலு கிலோமீட்டர்தான் பாடு. ஷேர் ஆட்டோ மெயின் ரோட்டோடு போய்விடும். தனி ஆட்டோவுக்குக் கொடுத்தே என் சம்பளம் முழுக்கக் கரைகிறது, என் மகளின் படிப்பே பாழாகிவிட்டது. வீட்டுக்கு ரெண்டு வண்டி வாங்கினால் ஜிஎஸ்டி சாலை என்ன ஆகும்? காலை எட்டரைக்கு வந்து பாருங்கள் ஐயா.

அப்புறம், நேரில் வரச்சொன்னார்கள் என்று அரைநாள் லீவு போட்டு நுங்கம்பாக்கம் அலுவலகத்துக்கு வந்தேன். ரிசப்ஷனில் உட்காரவைத்து, "இது சைட் ஆபீஸ் விஷயம்" என்றார்கள். சைட் ஆபீஸ் என் வீட்டு வாசலில் இருக்கிறது. அங்கே பூட்டு தொங்குகிறது.

தயவுசெய்து இந்த மாதக் கடைசிக்குள் பழைய நேரப்படி வேனை ஓட்டுங்கள். ஓடாத மாதங்களுக்கு வாங்கிய பணத்தைத் திருப்பித் தாருங்கள். அந்த ஊழியர் எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். இல்லையென்றால் ரெராவுக்கு, அதாவது ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்துக்குப் போவேன். விளம்பரத்தில் பொய் சொல்லி விற்றால் நஷ்டஈடு தரவேண்டும் என்று 2016-ம் வருட ரியல் எஸ்டேட் சட்டத்தின் 12-ம் பிரிவு சொல்கிறது. நுகர்வோர் ஆணையத்தையும் விடமாட்டேன். பி பிளாக்கில் பலர் என்னோடு கையெழுத்துப் போடத் தயார்.

உங்கள் பிரவுச்சரின் நகலையும் பில்களையும் இணைத்திருக்கிறேன். பதிலைக் கடிதமாக அனுப்புங்கள், புகார் எண் வேண்டாம்.

இப்படிக்கு,
பி பிளாக் வீட்டு உரிமையாளர்